கண்ணை இடம் வலமாக ஓட்டினால் மனசில் தங்கிய பயம் போகுமா? தம்பிக்கு இ.எம்.டி.ஆர். சொல்லியிருக்கிறார்கள்

நொய்யல்கரை:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பிக்கு 26 வயது. முந்தின வருடம் ஒரு விடியற்காலையில் அவனும் அவன் சிநேகிதனும் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது காய்கறி ஏற்றிவந்த டெம்போ இடித்துவிட்டது. வண்டி ஓட்டியது தம்பி. பின்னால் உட்கார்ந்திருந்தவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். தம்பிக்குத் தொடையில் ராடு வைத்தார்கள். ஆறேழு மாதத்தில் நன்றாக நடந்தான். கண்டம் தாண்டிவிட்டது என்று நாங்களும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

தாண்டவில்லை. ஏர்ஹார்ன் கேட்டால் எங்கே இருந்தாலும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு தொடையைத் தடவிக்கொண்டே இருப்பான், கூப்பிட்டால் காதில் விழாது. அன்றைக்கு டெம்போவிலிருந்து கொத்தமல்லிக் கட்டுகள் கொட்டி ரோடெல்லாம் நசுங்கிக் கிடந்ததாம். இப்போது அந்த வாசனை பட்டாலே வாந்தி எடுக்கிறான். எங்கள் வீட்டில் கொத்தமல்லி வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ரசத்துக்கு அம்மா கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பையன் வீட்டுப் பக்கம் தம்பி ஒரு தடவைகூடப் போகவில்லை. முதல் வருடத் திதிக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

சைக்கியாட்ரிஸ்ட் இது பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசில் தங்கிவிடும் பாதிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் தூக்கம் வந்தது. இப்போது அவரே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா இ.எம்.டி.ஆர். செய்து பார்க்கலாம் என்கிறார். அவர் விரலை இடமும் வலமுமாக ஆட்டுவாராம், தம்பி விபத்தை நினைத்துக்கொண்டே அந்த விரலைக் கண்ணால் தொடர வேண்டுமாம். அப்பாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மறுபடி அந்த நாளை நினைக்கச் சொன்னால் இப்போது இருக்கிற நிம்மதியும் போய்விடாதா?

இரவுப்பணி:

அக்கா, யூடியூபில் இதற்கென்றே வீடியோ நிறைய இருக்கிறது. ஒரு பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், ஹெட்போனில் டிக் டிக் என்று மாறி மாறிக் கேட்கும். முதலில் வீட்டிலேயே போட்டுப் பாருங்களேன். காசும் மிச்சம்.

வேப்பநிழல்:

இரவுப்பணி தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். நான் திருச்சியில் 14 வருடமாக கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன், இ.எம்.டி.ஆர். பயிற்சியும் எடுத்திருக்கிறேன். அந்த வீடியோவில் இருப்பது சிகிச்சையின் நடுவில் வரும் ஒரு துண்டு. முன்னும் பின்னும் இல்லாமல் அந்தத் துண்டை மட்டும் எடுத்தால், தையல் போட ஆளில்லாத இடத்தில் கட்டியைக் கீறி விட்டது போல ஆகிவிடும்.

நொய்யல்கரை, உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் இரண்டிலும் விபத்துப் பக்கமே போக மாட்டோம். வந்தவருடைய கதையைக் கேட்போம், தூக்கம், மாத்திரை, வலிப்பு, கண்வலி, தற்கொலை எண்ணம் எல்லாம் விசாரிப்போம். அப்புறம் பதற்றம் வந்தால் தன்னைத் தானே எப்படி இறக்கிக்கொள்வது என்று பழக்குவோம். மனசுக்குள் பத்திரமாகத் தோன்றும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எடுத்துக்கொண்டார். செஷன் முடியும்போது மீதி இருப்பதை அடைத்துவைக்க ஒரு பெட்டியையும் கற்பனை செய்யச் சொல்வோம். முக்கியமாக, கையை உயர்த்தினால் அந்த நொடியே நிறுத்திவிடுவோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். சிலருக்கு இதற்கே நாலைந்து வாரம் ஆகும். இதெல்லாம் நடந்த பிறகுதான் விரல்.

இது ஹிப்னாடிஸமும் இல்லை. ஆள் முழு விழிப்பில் இருப்பார். நடந்ததை ஒன்று விடாமல் விவரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெட்கம், குற்ற உணர்ச்சி எல்லாம் சேர்ந்த நினைவுகளுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஒன்று கேட்க வேண்டும். தம்பிக்கு ஆக்சிடென்ட் கேஸ் நடக்கிறதா? அவர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதா?

நொய்யல்கரை:

ஆமாம் மேடம், இன்சூரன்ஸ் கேஸ் நடக்கிறது. அவனை இன்னும் விசாரிக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

வேப்பநிழல்:

இந்தச் சிகிச்சையில் அந்தக் காட்சியின் கூர்மை குறையும். குறைய வேண்டும் என்பதற்காகத்தானே செய்கிறோம். ஆனால் சாட்சிக்கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது "எனக்கு அது இப்போது மங்கலாக இருக்கிறது" என்று தம்பி சொல்ல நேரிடலாம். அதனால் வழக்கு இருந்தால் வக்கீலிடம் பேசி, ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. சைக்காலஜிஸ்டிடமும் கேஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

சான்றுதேடி:

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி வாசிக்கும் பழக்கம் உண்டு. இதன் மறுபக்கத்தையும் அக்கா தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1987இல் அமெரிக்காவில் உளவியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிரான்சின் ஷாபிரோ, கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனசை உறுத்திக்கொண்டிருந்த நினைப்புகள் திடீரென்று இலேசாகிவிட்டதைக் கவனித்தார். அந்த நேரத்தில் தன் கண்கள் தாமாக இங்குமங்கும் வேகமாக ஓடியதையும் கவனித்தார். அங்கே தொடங்கியதுதான் இது. 1989இல் 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார், ஒரே அமர்வில் பெரிய மாற்றம் என்று அதில் இருந்தது. ஒரு பூங்கா அனுபவம், 22 பேர், ஒரே அமர்வு என்றால் சந்தேகப்படாமல் எப்படி இருக்க முடியும்? பலர் சந்தேகப்பட்டார்கள். ரிச்சர்ட் மெக்னாலி என்ற உளவியலாளர் 1999இல் இதை, பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர் செய்து பிறகு பொய்யென்று ஒதுக்கப்பட்ட காந்த சிகிச்சையோடு ஒப்பிட்டே எழுதினார். இதில் பலன் தருவது எதுவும் புதிதில்லை, புதிதாக இருப்பது பலன் தருவதில்லை என்பது அவருடைய வாதம். நினைவை எதிர்கொள்ள வைப்பது பழைய முறை, அதுதான் வேலை செய்கிறது, கண்ணசைவு வெறும் ஒட்டு என்று அர்த்தம். 2001இல் டேவிட்சனும் பார்க்கரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கண்ணசைவால் கூடுதல் லாபம் தெரியவில்லை.

அதற்காக இது பலனில்லாதது என்று நான் சொல்லவில்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி.க்குப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்த பேச்சு சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. மனக்காயத்தை மையமாக வைத்த சிந்தனை-நடத்தை சிகிச்சையும் அதே பட்டியலில் இருக்கிறது, பலனும் ஏறக்குறைய அதே அளவு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018இல் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தபோதும், போர்க்களத்தில் சண்டையிட்டு வந்தவர்களை விலக்கிவிட்டுத்தான் பரிந்துரைத்தது. ஆகவே அது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாலைக்குயில்:

நான் செய்துகொண்டவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016இல் எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் தீப்பிடித்தது. எனக்கு வலது கையும் கழுத்தும் வெந்தது, மாமியாருக்குக் கூடுதல். இருவரும் பிழைத்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரின் "டக்" சத்தம் எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டுச் சமையலறையில் கேட்டால்கூட மேலெல்லாம் ஜில்லென்று ஆகிவிடும். நாலு வருடம் இண்டக்ஷன் அடுப்பில்தான் சமைத்தேன். கரண்ட் போனால் அன்றைக்கு ஓட்டல்.

முதலில் போன கவுன்சலர் இரண்டாவது நாளே விரலை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். எந்தத் தயாரிப்பும் இல்லை. பத்தாவது நிமிஷம் எனக்கு மூச்சு முட்டியது. டைம் ஆகிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். ஆட்டோவில் வரும்போது தோல் எரிகிற மாதிரியே இருந்தது. ஒரு வருடம் யாரிடமும் போகவில்லை. வேப்பநிழல் மேடம் சொல்கிற தையல் உதாரணம் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை பொருந்தும்.

இரண்டாவதாகப் போனவர் வேறு மாதிரி. ஐந்து வாரம் பேச்சும் மூச்சுப் பயிற்சியும்தான். பெட்டிக்கு நான் எங்கள் ஆச்சியின் ட்ரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டேன், மூடி மூடும்போது கிறீச் என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தோடு.

பிறகு ஒரு நாள் நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாக, என் முழங்காலும் அவர் முழங்காலும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி போட்டார். நேருக்கு நேர் இல்லை. எந்தப் படம் ரொம்ப மோசம் என்று கேட்டார். மாமியார் புடவை முந்தானையில் நீலமாகத் தீ ஏறிய அந்த ஒரு விநாடி. அதைப் பார்க்கும்போது உன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? உடம்பில் எங்கே தெரிகிறது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு? ஒன்பது என்றேன். அப்புறம் இரண்டு விரலைச் சேர்த்து என் முகத்துக்கு ஒன்றரை அடி தள்ளி வைத்து ஆட்ட ஆரம்பித்தார். அவர் மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தார், சாயம் போன மஞ்சள். அந்தக் கயிற்றின் முடிச்சு போவதும் வருவதும்தான் எனக்கு இப்போதும் ஞாபகம். ஒரு முப்பது தடவை இருக்கும். நிறுத்தி, "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?" என்றார். நான் எது சொன்னாலும் அதற்கு விளக்கமோ ஆறுதலோ சொல்லவில்லை. "சரி, அதோடயே போங்க" என்று மறுபடி விரல்.

இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆறாவது சுற்றோ என்னவோ, தீயைப் பார்க்க முயன்றால் படம் சரியாக நிற்கவில்லை, நழுவி நழுவிப் போனது. திடீரென்று, நான் கோணிச் சாக்கை நனைத்து மாமியார் மேல் போட்டது வந்தது. அதை நான் செய்தேன் என்பது எனக்கு எப்போதும் தெரியும், யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் படத்தோடு சேர்ந்து அது ஒரு நாளும் வந்ததில்லை. அன்றைக்குத்தான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மொத்தம் ஒன்பது செஷன், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அன்றிரவு கனவு கண்டபடி வரும், மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். அதனால் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், கூட யாராவது போங்கள். இப்போது லைட்டர் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். காஸ் அடுப்பில் தோசை சுடுகிறேன்.

சான்றுதேடி:

பாலைக்குயில் அக்கா, நன்றி. "படம் நிற்கவில்லை, நழுவியது" என்று எழுதியிருக்கிறீர்களே, ஆய்வுகளில் இப்போது வலுவாகப் பேசப்படும் விளக்கம் அதேதான். நாம் ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது மனசின் ஒரு சின்னப் பலகையில்தான் அதை எழுதிப் பார்க்கிறோம். செயல்படு நினைவு என்பார்கள். பலகை சின்னது. அதே நேரத்தில் கண் ஒரு விரலைத் துரத்த வேண்டியிருந்தால் பாதி இடம் அதற்குப் போய்விடும். மிஞ்சிய இடத்தில் அந்தக் காட்சி முழு நிறத்தோடும் சூட்டோடும் விரிய முடியாது. மங்கிய அந்த வடிவமே திரும்ப உள்ளே போய்ச் சேமிப்பாகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் மார்செல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் குழுவினர் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். கண்ணை ஓட்டுவதற்குப் பதில் கடினமான கணக்குப் போட வைத்தாலும் நினைவின் கூர்மை குறைகிறது. காதில் வெறும் டிக் டிக் சத்தம் அந்த அளவு வேலை செய்வதில்லை, ஏனென்றால் அதற்கு மனசு சிரமப்பட வேண்டியதில்லை.

2013இல் லீ, கைப்பர்ஸ் இருவரும் செய்த தொகுப்பாய்வில் கண்ணசைவுக்குக் கூடுதல் பலன் இருப்பதாகவே தெரிந்தது. 2019இல் கொரியாவில் எலிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை நேச்சர் இதழில் வந்தது. இடம் வலமாக ஓடும் ஒளியைக் காட்டியபோது எலிகளின் பயம் குறைந்தது, கண்ணசைவோடு தொடர்புள்ள நடுமூளைப் பகுதியிலிருந்து பயத்தை ஆளும் அமிக்டலா வரை ஒரு பாதை இருப்பதையும் காட்டினார்கள். எலி வேறு, நாம் வேறு. ஆனாலும் 1999இல் சொன்னது போல வெறும் ஒட்டு என்று இன்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் என் கருத்தும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

மாடித்தோட்டம்:

சின்ன வயதில் நான் பயந்துபோனால் எங்கள் பாட்டி பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி, தண்ணீர் தெளித்துக் கூட்டிவருவார். அதுவும் குணமானதே. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வேப்பநிழல்:

நல்ல கேள்வி. பயந்த குழந்தையைத் தனியாக விடாமல் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "சரியாயிடும்" என்று ஒருவர் சொல்ல வைத்தாரே, அந்த அரவணைப்பு மருந்துதான். விபத்தோ வெள்ளமோ நடந்து முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்கள் அப்படியே தேறிவிடுகிறார்கள். மாதங்கள் ஆகியும் தேறாமல், தம்பி மாதிரி ஒரு வாசனைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. ஓதுவதை யாரும் நிறுத்த வேண்டாம். அதை மட்டும் நம்பி இரண்டு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

பனங்கூடல்:

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் இருந்தது. நான் கனடாவில் இருக்கிறேன். 2009இல் வன்னியில் இருந்த சனத்தில் நானும் ஒருத்தன், அப்போது எனக்குப் 17 வயது.

இங்கே வேலைக்குப் போய், கலியாணம் கட்டி, பிள்ளையும் பிறந்த பிறகுதான் எனக்கு இது தொடங்கியது. மகள் அழுதால் என்னால் அந்த அறைக்குள் நிற்க முடியாது. குடும்ப வைத்தியர் இ.எம்.டி.ஆர். செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் அனுப்பினார். நல்ல மனுசி. இரண்டு உள்ளங்கையிலும் சின்னக் கருவி ஒன்றைத் தந்தார், அது மாறி மாறி அதிரும். எனக்குக் கண்ணை ஓட்டினால் தலையிடி.

நடந்ததை நினைக்கும்போது உன்னைப் பற்றி என்ன நம்புகிறாய் என்று கேட்டு, வசனங்கள் எழுதிய தாள் ஒன்றைத் தந்தார். எல்லாம் ஆங்கிலம். நான் பலமற்றவன், நான் பாதுகாப்பாக இல்லை, அப்படி. நான் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். நாலு கிழமை அதோடேயே இருந்தோம். பத்துக்கு எட்டு என்று நான் சொன்னது எட்டாகவே நின்றது, இறங்கவில்லை.

பிறகொரு நாள் அவர் கேட்டார், இதை நீ உனக்குள் எந்த மொழியில் சொல்லுவாய் என்று. நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "அம்மம்மாவை விட்டிட்டு வந்திட்டன்." அதைச் சொன்னதும் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டாம், அந்த வசனத்தையே வைத்துக்கொள் என்றார். அன்றைக்குத்தான் உண்மையில் சிகிச்சை தொடங்கியது என்று நினைக்கிறேன்.

என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை, சொல்லாமலே செய்ய முடிந்தது. ஒன்று மட்டும் எழுதலாம். எத்தனையோ வருடமாக எனக்கு பங்கர் வாசலும் அம்மம்மாவின் காலும்தான் தெரியும். அன்றைக்கு அவரின் கையும் வந்தது. தண்ணிக் கானை என்னிடம் தந்துவிட்டு, "நீ போ ராசா" என்று தோளில் தள்ளிய கை.

தங்கச்சி, உங்கட தம்பிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தமிழ் தெரிந்த ஆள் கிடைத்திருக்கிறார் என்றால் அதை விட வேண்டாம்.

நொய்யல்கரை:

அண்ணா, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, ராத்திரி சாப்பிடும்போது "எப்ப வரச் சொல்லியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேப்பநிழல்:

பனங்கூடல், நீங்கள் எழுதியதை எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். விரலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் செஷனில் நான் அதிகம் பாடுபடுவது அந்த ஒற்றை வாக்கியத்துக்குத்தான்.

எங்களுக்குக் கற்றுத்தந்த பட்டியலில் "நான் தகுதியற்றவன்" என்று இருக்கும். 14 வருடத்தில் எந்தத் தமிழ் மனுஷரும் என் முன்னால் உட்கார்ந்து "நான் தகுதியற்றவன்" என்று சொன்னதில்லை. "என்னாலதான்" என்பார்கள். "நான் அங்க இருந்திருக்கணும்" என்பார்கள். "என் ராசி அப்படி", "நான் காலடி வச்ச இடம் விளங்காது" என்று பெண்கள் சொல்வார்கள். அதைப் பெரும்பாலும் அவர்களுக்கு வேறு யாரோ முதலில் சொல்லியிருப்பார்கள். ஒரு தாய் "வயிறு பத்தி எரியுது" என்றால் அது உடம்பில் எங்கே என்று தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை. அந்த வாக்கியம் அவர் பேச்சிலேயே, அவர் ஊர்ச் சொல்லிலேயே கிடைத்துவிட்டால் பாதி வேலை நடந்த மாதிரி. மாற்று வாக்கியமும் அப்படித்தான். அதை நான் சொல்லிக்கொடுத்தால் ஒட்டாது. ஒன்றிலிருந்து ஏழு வரை எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று கேட்போம். நான் எடுத்துக்கொடுத்த வாக்கியம் மூன்றைத் தாண்டாது. அவர்களுக்குள்ளிருந்து வருவது தானாகவே ஆறு, ஏழுக்கு ஏறும்.

உள்ளங்கை அதிர்வு பற்றிச் சொன்னீர்கள், கண் ஓட்ட முடியாதவர்களுக்கு அது உண்டு, தோளில் தட்டுவதும் உண்டு. மெக்சிகோவில் 1997இல் பாலின் புயல் அடித்த பிறகு அகபுல்கோவில் குழந்தைகளோடு வேலை செய்த லூசினா ஆர்ட்டிகாஸ், குழந்தைகள் தாங்களே கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு மாறி மாறித் தோளில் தட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். பட்டாம்பூச்சி அணைப்பு என்று பெயர். 1999 துருக்கி நிலநடுக்கத்துக்குப் பிறகு கூடார முகாம்களிலேயே இந்தச் சிகிச்சையைக் கொடுத்தார்கள்.

இரவுப்பணி:

ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் அந்த வீடியோவைச் சொன்னேன் அல்லவா. அதை நானே போன மாதம் ராத்திரி டியூட்டியில் போட்டுப் பார்த்தேன். எனக்கும் பள்ளிக்கூட வயதில் நடந்த ஒன்று இருக்கிறது. போட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இங்கே சொன்னேன். இரண்டு நாள் கழித்து அது சம்பந்தமே இல்லாத நேரத்தில் எல்லாம் வர ஆரம்பித்தது. இப்போது தூங்கவே பயமாக இருக்கிறது.

வேப்பநிழல்:

தம்பி, சொன்னதற்கு நன்றி. உங்கள் மேல் தப்பு இல்லை. வீடியோவை நிறுத்திவிடுங்கள். நினைவு வரும்போது கண்ணைத் திறந்து வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் அழுந்தட்டும், அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கையை வையுங்கள். இன்றே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், அரசாங்க எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு 1926.

பள்ளி வயதுக் காயத்துக்குக் காலம் கூடுதலாகத் தேவைப்படும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2007இல் வந்த ஒரு ஆய்வில் இ.எம்.டி.ஆர். எடுத்தவர்களில், பெரியவரான பிறகு பாதிக்கப்பட்டவர்களில் ஆறு மாதம் கழித்து 75 சதவீதம் பேர் அறிகுறிகள் இல்லாமல் இருந்தார்கள். சிறு வயதில் பாதிக்கப்பட்டவர்களில் அது 33 சதவீதம்தான். அந்த ஆய்வில் எல்லோருக்கும் எட்டு அமர்வுதான் கொடுத்தார்கள். உங்களுக்கு எட்டு போதாமல் போகலாம், அதனால் சிகிச்சை பலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சான்றுதேடி:

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்? பாலைக்குயில் அக்காவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

வேப்பநிழல்:

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். இ.எம்.டி.ஆர். பயிற்சி எங்கே எடுத்தீர்கள், முடித்துவிட்டீர்களா, மேற்பார்வையில் செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் நாளே விரலை எடுப்பவர், ஒரே செஷனில் சரியாகிவிடும் என்பவர், மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நொய்யல்கரை:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். வக்கீல் சொன்னபடி தம்பி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டான், அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தோம். நாலு வாரம் தயாரிப்பு, அப்புறம் ஆறு செஷன் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு வாரம் ரொம்ப மோசம், சாப்பிடவே இல்லை, நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தோம். அந்த அம்மா போனில் பேசி, அடுத்த செஷனில் விபத்தைத் தொடாமல் அவனை நிதானப்படுத்தி அனுப்பினார். பைக் இன்னும் எடுக்கவில்லை. ஏர்ஹார்னுக்கு இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது, ஆனால் சுவரைத் தேடி ஓடுவதில்லை. அவனே உங்களுக்கு எழுத வேண்டும் என்கிறான். கீழே இருப்பது அவன் எழுதியது.

நொய்யல்கரை (தம்பி எழுதுகிறேன்):

எல்லோருக்கும் வணக்கம். அக்கா எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். பனங்கூடல் அண்ணா, உங்கள் பதிவை நானே நாலைந்து தடவை வாசித்தேன்.

என் வாக்கியம் "நான்தான் கொன்னேன்". அதை வெளியே சொல்லவே மூன்று வாரம் ஆனது. அவன் அன்றைக்கு வர மாட்டேன் என்றான், நான்தான் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்ப நினைத்தபோது முதலில் கொத்தமல்லி வாசனைதான் வந்தது, வெறும் அறையில். தொண்டை வரை வந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன், உடனே நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து ஆரம்பித்தோம். ஐந்தாவது செஷனில் டெம்போவின் லைட் வந்தது. ஒரே ஒரு லைட்தான் எரிந்தது, அது எங்கள் பக்கத்தில் வந்தது. அதை நான் போலீஸிடமும் சொன்னேன், வக்கீலுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் என்னிடம் நான் சொல்லிக்கொண்டதில்லை. ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார்கள். "நானும் அன்னைக்கு அடிபட்டவன்தான்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏழுக்கு எவ்வளவு என்றார்கள். ஐந்து என்றேன். இப்போதும் ஐந்துதான். சில நாள் நாலு.

அம்மா போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் சமைக்கவில்லை.

அடுத்த மாதம் அவனுக்கு இரண்டாவது வருடத் திதி. அவன் அம்மா போன் பண்ணி "நீ வந்தா போதும்டா" என்றார். போகலாம் என்று இருக்கிறேன், அக்கா கூட வருவாள். வரப்போகிற ஒன்றையும் இதே முறையில் முன்கூட்டி ஓட்டிப் பார்க்கலாமாம். வியாழக்கிழமை செஷனில் அவன் வீட்டு வாசற்படியைத்தான் எடுக்கப் போகிறோம், செருப்பைக் கழற்றுவதிலிருந்து.